கடற்கரை பஸ்ஸில் அம்மா நீட்டிய அட்டை

நாங்கள் நகரி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரா. வீட்டிலேயே பவர்லூம் ஓடுகிறது. ஞாயிறன்று அதை நிறுத்திவிட்டு சென்னைக்குப் போனால் கடற்கரை மணலுக்கும் காற்றுக்கும் யாரும் காசு கேட்கப்போவதில்லை. ஆனால் அம்மா வரமாட்டாள். கடல் மேல் கோபமில்லை, பஸ் மேல்தான்.

ஆந்திராவில் பெண்களுக்கு இலவச பஸ் வந்த புதிதில், திருப்பதியிலிருந்து வீடு திரும்ப ஆதார் அட்டையோடு ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அது சென்னை வண்டி. நகரி வழியாகத்தான் போகும், ஆனாலும் மாநிலம் தாண்டும் வண்டியில் இலவசம் கிடையாது. கையில் காசும் இல்லை. பாதி வழியில், வடமாலபேட்டையில் இறக்கிவிட்டார்கள். பஸ் மொத்தமும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்ததாம். அன்றிலிருந்து உள்ளூர் பஸ்ஸில்கூட கண்டக்டர் வாயைத் திறக்கும் முன்பே அட்டையை நீட்டிவிடுவாள். தெரியாத ஊர் பஸ் என்றால் ஏறவே மாட்டாள்.

டிகிரி முடித்து வீட்டில் சும்மா இருந்த நான், நச்சரித்தே அவளையும் நைனாவையும் கிளப்பினேன்; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். சென்ட்ரல் வரை ரயில், டிக்கெட் எடுத்து, கௌரவமாக. வெளியே முகப்பில் பிங்க் அடித்த டவுன் பஸ் வந்து நின்றது. பெண்களுக்கு ஃப்ரீ என்று நான் சொன்னதுதான் தாமதம், அம்மா பின்வாங்கினாள். அது இந்த ஊர்க்காரிகளுக்கு, தமிழ் பேசினாலும் நாம் ஆந்திராதான், நடந்தே போகலாம் என்றாள். அந்த வெயிலில் மெரினா வரைக்கும் நடையா? கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். நைனா பின்பக்கம் ஏறி, தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு, எங்களை ஜென்மத்தில் பார்த்திராதவர் போல நின்றார்.

"வாயில ஒரு வார்த்த தெலுங்கு வரக்கூடாது, சொல்லிட்டேன்," என்று அம்மா என் காதைக் கடித்தாள்.

கண்டக்டர் நெருங்க நெருங்க என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவர் எதிரே வந்து நின்றதும் பழகிய கை தானாகப் பைக்குள் போனது. ஆதார் அட்டை வெளியே வந்தது. அதில் பளிச்சென்று தெலுங்கு எழுத்து.

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். அம்மா கல்லாகிவிட்டதால் நான்தான் நகரி என்றேன்.

"பீச்சுக்கா? கார்டுலாம் இங்க யாரும் கேக்க மாட்டாங்கம்மா. பத்திரமா உள்ள வை, மணல்ல உட்டுடப் போற."

எங்களுக்கு ஆளுக்கொரு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அம்மா விட்ட மூச்சில் என் துப்பட்டாவே ஆடியது. அடுத்த நிமிடம் அவள் குரல் பின்பக்கம் வரை போனது. "இன்னாய்யா, யாரோ மாதிரி நின்னுக்கினு கீற? வந்து இந்தப் பையப் புடி." பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கரையில் புளிசோறு தின்றுவிட்டு, புடவை நனைய நனைய அலையில் நின்றாள். இன்னொரு பிங்க் பஸ்ஸில் திரும்பும்போது சென்ட்ரல் வந்தது. நான் எழுந்தேன், அவள் அசையவில்லை.

"ரயிலுக்கு நேரம் கீதில்ல?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப உக்காருடி. இது எது வரிக்கும் போதோ அது வரிக்கும் போய்ட்டு வரலாம். யாரு எறக்கி உடப்போறா?"

நைனா தனக்கு இன்னொரு டிக்கெட் வாங்கப் போனார்.