கைதட்டல் வாங்கிய கால்சியம்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லேப் ரிப்போர்ட் வந்து விழுந்தது. கீழே, 'அக்காவுக்கு கால்சியம் நார்மல்!' என்று ஒரு வரி. வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

ரிப்போர்ட்டுக்குச் சொந்தக்காரரான என் அண்ணி சரோஜா, அதே நேரத்தில் விருத்தாசலத்தில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி, அண்ணனைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எப்படி இந்த லட்சணத்துக்கு வந்து சேர்ந்தோம்? சொல்கிறேன்.

அண்ணி பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலைக்குப் போகிறவர். சில மாதங்களாகக் கால் வீக்கம். காலையில் எழுந்தால் முகமும் உப்பியிருக்கும். "நாள் பூரா காலைத் தொங்கப்போட்டு உக்காந்தா வீங்காம என்னா பண்ணும்?" என்பார். சரி, முகத்தையுமா தொங்கப்போட்டு உட்கார்ந்தார்? யாரும் கேட்கவில்லை.

பிறகு சோர்வு வந்தது. கூடவே அண்ணியின் தம்பி குமரவேலும் வந்தான். சத்துப் பவுடர் விற்கிறவன். ஏதோ ஒரு ஹோட்டல் ஹாலில் ட்ரெய்னிங் முடித்ததிலிருந்து விசிட்டிங் கார்டில் 'ஹெல்த் கன்சல்டன்ட்'. அவன்தான் சலுகை பேக்கேஜில் ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தான்.

ரிப்போர்ட்டில் இரண்டு இடங்களில் சிவப்பு. கால்சியம் குறைவு. அல்புமின் குறைவு.

"கால்சியம் கம்மி மாமா! எலும்பெல்லாம் உளுத்துப் போயிருக்கும்" என்றான் அண்ணனிடம்.

"இன்னொண்ணும் செவப்பா இருக்குதே... அல்புமின்னு. அது என்னாடா?"

"அது ஏதோ ப்ரோட்டீனு மாமா. முட்டை சாப்ட்டா ஏறிடும். நீங்க கால்சியத்தைப் பாருங்க!"

ஏன் கால்சியம்? அது தினமும் டி.வி. விளம்பரத்தில் வருகிறது. அல்புமினை வைத்து விளம்பரம் எடுக்க ஆளில்லை. தெரிந்த முகத்துக்குத்தான் மரியாதை — ரத்தத்துக்குள்ளும் அப்படித்தான் போலிருக்கிறது.

"டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடலாமே" என்று அண்ணி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"அவரு மட்டும் என்னாத்தக் குடுக்கப் போறாரு? இதே மாத்திரைதான்க்கா."

மெடிக்கல் ஷாப்பிலும் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. காலையும் மாலையும் கால்சியம் மாத்திரை. கூடவே வைட்டமின் டி பாக்கெட். வாரத்துக்கு ஒன்று பாலில் கலந்து குடிக்க வேண்டியதை, தினமும் ஒன்று என்றான் குமரவேல். சீக்கிரம் ஏற வேண்டுமாம்!

ஏறியது. அண்ணிக்கு அடங்காத தாகம். மலச்சிக்கல். வாந்தி. பேச்சில் தடுமாற்றம். "உடம்பு சுத்தமாவுது, பயப்படாதீங்க" என்றான். மறுபடியும் டெஸ்ட். கால்சியத்தில் சிவப்பு போய்விட்டது. உடனே குமரவேல் அதைக் குரூப்பில் போட்டான். அந்தக் கைதட்டல்தான் நீங்கள் மேலே பார்த்தது.

அண்ணன் எனக்கு போன் செய்தார். "நார்மலுன்னு போட்டிருக்குதுடா... ஆனா இவ என்னையே யாருன்னு கேக்குறா."

ஓடினேன். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கார் பிடித்தோம். சேத்தியாத்தோப்பு தாண்டுவதற்குள் அண்ணி மயக்கத்தில் சாய்ந்துவிட்டார். அண்ணன் சிதம்பரம் வரைக்கும் அவர் கையை விடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கால்சியத்தை மட்டும் தனியா பாக்கக் கூடாதுங்க. ரத்தத்துல இருக்குற கால்சியத்துல பாதிக்குக் கிட்ட அல்புமின்ல ஒட்டிக்கிட்டுப் போவும். ஒட்டாம தனியா இருக்குறதுதான் வேலை செய்யும். இவங்களுக்கு அல்புமின் ரொம்பக் கம்மி. ஒட்டிக்கிட்டுப் போறது கொறைஞ்சதால மொத்தமும் கம்மியா தெரிஞ்சிருக்கு."

"அப்போ மொதல்ல கால்சியம் கொறையவே இல்லியா?" என்றார் அண்ணன்.

"அல்புமினுக்குத் தகுந்த மாதிரி திருத்திப் பாத்தா, இல்லீங்க. இப்ப நார்மலுன்னு இருக்குதே... அதைத் திருத்திப் பாத்தா ரொம்ப அதிகம். தனியா இருக்குறதை மட்டும் அளக்குற டெஸ்ட்டும் எடுத்துட்டோம். அதுவும் அதிகம்தான். அதான் கொழப்பம், மயக்கம் எல்லாம்."

"அல்புமின் ஏங்க கொறைஞ்சுது?" என்று கேட்டேன்.

"மூத்திரத்துல போயிக்கிட்டிருக்கு. கிட்னியில கோளாறு. கால் வீக்கம் எதுனாலன்னு நெனைச்சீங்க?"

உடம்பு ஒன்றைச் சொல்லிக் கதறியிருக்கிறது. நாங்கள் இன்னொன்றுக்கு மருந்து கொடுத்து, அதையும் வியாதியாக்கி, ஊரறியக் கைதட்டியிருக்கிறோம். படிப்பறிவு இல்லாத குடும்பமா? பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லாத குடும்பம். எல்லோருக்கும் சிவப்பு மையைப் படிக்கத் தெரியும். அதற்குமேல் தெரியாது.

மாத்திரைகள் நின்றன. சலைன் ஏறியது. ஐ.சி.யூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று அண்ணி கண்ணைத் திறந்து, "ஏங்க, சாப்ட்டீங்களா?" என்றார். அண்ணன் வராண்டாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

இப்போது கிட்னிக்கு வைத்தியம் நடக்கிறது. நீண்ட வைத்தியம். வீக்கம் வடிய ஆரம்பித்திருக்கிறது.

போன ஞாயிறு குமரவேல் வந்தான். கையில் ஒரு புது டப்பா. "அல்புமின் கம்மியாமேக்கா... இது சுத்தமான ப்ரோட்டீனு."

அண்ணிக்குக் கோபமே வரவில்லை. "அதை வாசல்லயே வச்சுட்டு உள்ள வா. டீ குடி, சாப்புடு, இருந்துட்டுப் போ. வைத்தியம் மட்டும் பண்ணாத."

அவன் டீயைக் குடித்து முடித்து, மெதுவாக என் பக்கம் திரும்பினான். "மாமா, கண்ணுக்குக் கீழ கறுத்திருக்குதே... டெஸ்ட்டு ஏதாச்சும் எடுத்தீங்களா?"

செருப்பைத் தேடினேன் — மாட்டிக்கொண்டு கிளம்பத்தான்!