அறுபத்தெட்டிலேயே நின்றவர்

அந்த ஊரில் எடை மிஷின் பழுதுபார்க்கும் கடை ஒன்றே ஒன்றுதான். அதில் மெக்கானிக்காக இருந்தவரும் ஒரே ஒருவர்தான். பதினேழு வருடமாக அங்கே வேலை. பழுது பார்த்த மிஷின் சரியாகக் காட்டுகிறதா என்று முத்திரை போட்ட இரும்பு எடைக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். கல்லைத் தூக்கச் சோம்பலாக இருக்கும் நாட்களில் அவரே ஏறி நின்றுவிடுவார். அப்படித்தான் ஒருநாள், யாரோ கொடுத்துவிட்டுப் போன சின்னக் கண்ணாடி மிஷின் ஒன்றில் ஏறினார். அது எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடு போட்டுக் காட்டியது. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். மறுபடியும் இரண்டு கோடு.

"பேட்டரி போச்சு முதலாளி."

முதலாளி மிஷின் வந்த அட்டைப் பெட்டியை எடுத்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் படித்தார். "தொண்ணூறு கிலோ வரைக்கும்தான் இது காட்டுமாம்யா. பேட்டரிக்கு ஒண்ணுமில்ல."

அன்று மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாழ்நாளெல்லாம் எந்த மிஷினை ஒழுங்கு பண்ணிக் கொடுத்தாரோ, அந்த மிஷினே தன்னைக் கணக்கில் சேர்க்காமல் கோடு போடுகிறது. அடுத்த வாரம் ஊட்டச்சத்து ஆலோசகர் ஒருவரைப் பார்க்கப் போனார். அந்த அம்மாள் அவர் உயரத்தை அளந்து, அறுபத்தெட்டு கிலோ இருந்தால் போதும் என்று ஒரு தாளில் எழுதி வட்டம் போட்டுக் கொடுத்தார்.

எட்டு மாதம். வெள்ளரிக்காய், வேகவைத்த முட்டை, உப்பில்லாத சூப். காலையில் ஆறு கிலோமீட்டர் நடை. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையில் இருந்த பெரிய மேடை மிஷினில் ஏறினார்; முள் அறுபத்தெட்டில் போய் உட்கார்ந்தது. முதலாளி கைதட்டினார். மனைவி புதுப் பேன்ட் மூன்று வாங்கித் தந்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் "என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டுப் பாராட்டினார்கள்.

அதோடு பாராட்டு தீர்ந்தது. குறைக்கச் சொன்னவர்கள் நூறு பேர். குறைத்த பிறகு என்ன செய்வது என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஆலோசகரிடம் போய்க் கேட்டார். "இப்படியே இருங்க" என்றார் அந்த அம்மாள், அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தபடி.

இப்படியே இருப்பது என்றால் எப்படி? அவருக்குப் பிடிபடவில்லை. இறங்கும்போது ஒரு வேலை இருந்தது, நாள் நகர்ந்தது. நிற்பதற்கு என்ன செய்வது? ஒருநாளைக்குப் பதினோரு தடவை மிஷினில் ஏறினார். தண்ணீர் குடிப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. முடி வெட்டிக்கொண்டு வந்து, வெட்டிய முடியையும் தாளில் பொட்டலம் கட்டி எடுத்து வந்து நிறுத்தார்: நாற்பது கிராம். அதை உடம்புக் கணக்கில் கழிப்பதா வேண்டாமா என்று அரைநாள் யோசித்தார். தபால்தலையை நாக்கால் ஒட்ட மறுத்தார். பசையில் மாவு இருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் பிறந்தநாள் கேக்கை நீட்டியபோது, ஏதோ பாம்பைக் காட்டியது போல நாற்காலியோடு பின்னால் போனார்.

"மெலிஞ்ச பிறகு இந்த வீட்ல ஒரு நாள் நிம்மதியா சாப்பிட்டோமா?" என்று மனைவி தட்டைப் பார்த்துக் கேட்டாள். மெக்கானிக் அப்போது மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினால் எவ்வளவு குறையும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, பலன் இருந்தது. ஏழு வாரம், எத்தனை தடவை ஏறினாலும் அறுபத்தெட்டு. ஒரு மயிரிழை அசையவில்லை.

இந்தச் சமயத்தில்தான் கடையின் எடைக்கற்களைப் புது முத்திரைக்காக எடையளவு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். இருபது கிலோ கல் ஐந்து. வழக்கமாக ஒரு வாரத்தில் திரும்பிவிடும். இந்தத் தடவை, கற்களை வாங்கி வைத்த ஆய்வாளருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து, அலமாரிச் சாவியும் அவர் பையிலேயே மாற்றலாகிப் போய்விட்டது.

கடையில் மிஷின்கள் குவிந்தன. மருந்துக்கடைக்காரர் தினமும் போன் பண்ணினார். உடற்பயிற்சிக்கூடத்து மாஸ்டர் நேரிலேயே வந்து நின்றார்.

"கல் இல்லாம எப்படிங்க ஒப்பிட்டுப் பாக்கறது?" என்று முதலாளி கையை விரித்தார். விரித்த கை அப்படியே நின்றது. மூலையில் திருப்புளியோடு குனிந்திருந்த மெக்கானிக்கை மேலும் கீழும் பார்த்தார். பதினேழு வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"யோவ், இங்க வா. இதுல ஏறு."

மெக்கானிக் ஏறினார். மிஷின் அறுபத்தாறரை காட்டியது.

"நீ எவ்வளவு?"

"அறுபத்தெட்டு முதலாளி."

"சந்தேகம் இல்லாம?"

"காலைல நாலு தடவை பாத்தேன்."

முதலாளி மிஷினின் அடியில் இருந்த திருகைத் திருப்பினார். முள் மெல்ல நகர்ந்து அறுபத்தெட்டில் நின்றது. "எடுத்துட்டுப் போங்க மாஸ்டர். கல்லு மாதிரி இருக்கும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஒரு மாதத்துக்குள் மெக்கானிக்குக் கடையில் மரியாதையே வேறாகிவிட்டது. அவரைப் பாரம் தூக்க விடுவதில்லை. வெயிலில் அனுப்புவதில்லை, வியர்த்துக் குறைந்துவிடுவாராம். பெரிய மிஷின் உள்ள இடங்களுக்கு முதலாளியே வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போய், வாசலில் இறக்கி, "பாத்து, பாத்து, படி இருக்கு" என்று தோளைப் பிடித்து நடத்தினார். ஊரில் அவருக்கு "அறுபத்தெட்டு" என்றே பெயர் விழுந்தது. "அறுபத்தெட்டு வந்துட்டுப் போனாரா?" என்றுதான் கேட்டார்கள்.

ஒருநாள் காலை கடை மேடை மிஷின் அறுபத்தெட்டேகால் காட்டியது. மெக்கானிக் இறங்கி மறுபடி ஏறினார், அதேதான். முதல்நாள் மகள் மீதி வைத்த கேக்கில் ஒரு துண்டு தின்றிருந்தார்.

"முதலாளி... கால் கிலோ கூட காட்டுது."

முதலாளி தயங்கவே இல்லை. "நீ அறுபத்தெட்டு. ஊருக்கே தெரியும். மிஷின்ல கோளாறு." குனிந்து திருகை ஒரு சுற்று சுற்றினார். முள் பணிவாக இறங்கியது.

யோசித்துப் பார்க்க மெக்கானிக்குக்கும் அது நியாயமாகவே பட்டது. வருடக்கணக்கில் எத்தனையோ மிஷின் தப்பாகக் காட்டிப் பார்த்திருக்கிறார். ஏழு வாரம் ஆடாமல் நின்ற மனுஷன் தப்பாகக் காட்டுவானா? மனசிலிருந்த பயம் அன்றோடு கழன்றது. மறுநாள் இரண்டு துண்டு கேக் தின்றார். மிஷின் கொஞ்சம் ஏறியது, முதலாளி திருகினார், அறுபத்தெட்டு. வெண்ணெய் தடவிய ரொட்டி தின்றார், அறுபத்தெட்டு. நடையை நிறுத்தினார், அறுபத்தெட்டு. தன் உடம்பு இரும்பாக இறுகிவிட்டது என்று மனப்பூர்வமாக நம்பினார். வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார். மகளோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் டப்பாவைச் சுரண்டினார்.

ஊரிலும் நல்ல காலம் பிறந்தது. உடற்பயிற்சிக்கூடத்துக்கு வந்தவர்கள் ஏறிப் பார்க்கும்போதெல்லாம் இளைத்திருந்தார்கள். முள் கொஞ்சம் நகர்ந்தால் மாஸ்டர் உடனே ஆள் அனுப்பி "அறுபத்தெட்டை" வரவழைப்பார். அவர் ஏறி நின்று திருகிவிட்டுப் போனால் மறுநாள் எல்லோரும் இன்னும் அரை கிலோ குறைந்திருப்பார்கள். "நாலே மாதத்தில் நாலு கிலோ" என்று மாஸ்டர் வாசலில் பலகை மாட்டினார். ஒரே தெருவில் இரண்டு மருந்துக்கடை. முதல் மாதம் சரிசெய்த மிஷின் ஒன்றில், நாலாம் மாதம் சரிசெய்தது இன்னொன்றில். ஜனங்கள் இரண்டாவது கடை வாசலில்தான் வரிசையில் நின்றார்கள். அந்த மிஷின் ராசியானது என்று பேச்சு.

ஐந்தாம் மாதம் அலமாரிச் சாவி தபாலில் வந்து சேர்ந்தது. கற்களும் கடைக்கு வந்தன. முதலாளி மூன்று கற்களை மேடை மிஷினில் ஏற்றினார். அறுபது காட்ட வேண்டிய இடத்தில் ஐம்பத்தாறைக்கூடத் தொடவில்லை.

முதலாளி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை பளிச்சென்று இருந்தது. "அடப்பாவிகளா, ஆபீஸ்ல வச்சு கல்லைத் தேச்சுட்டாங்கய்யா!" என்று கத்தினார். அப்போதே எடையளவு அலுவலகத்துக்குப் போன் போட்டு, கல்லுக்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் காணவில்லை என்று புகார் சொன்னார்.

புதிதாக வந்திருந்த ஆய்வாளர் ஒரு பெண். குரலை உயர்த்தாதவர். மறுநாளே ஒரு மரப்பெட்டியில் அலுவலகத்துக் கற்களோடு கடைக்கு வந்துவிட்டார்.

"கல் குறையுதுன்னு எதை வச்சு சொல்றீங்க?"

"மிஷினை வச்சு மேடம்."

"மிஷின் சரின்னு எதை வச்சு சொல்றீங்க?"

முதலாளி பெருமையோடு மெக்கானிக்கை முன்னால் தள்ளினார். "இவரை வச்சு."

ஆய்வாளர் மெக்கானிக்கைச் சற்று நேரம் பார்த்தார். கையில் இருந்த பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"இவருக்கு முத்திரை இருக்கா?"

"இல்லீங்க மேடம்."

"எத்தனை மிஷினுக்கு இவரை வச்சுப் பாத்திருக்கீங்க?"

முதலாளி பதிவேட்டைப் புரட்டினார். "முப்பத்தொண்ணு."

ஆய்வாளர் அலுவலகத்துக் கற்களை எடுத்து வைக்கச் சொல்லி, தானே குனிந்து மேடை மிஷினின் திருகைச் சரிசெய்தார். பிறகு, "நீங்க ஏறுங்க சார்" என்றார்.

மெக்கானிக் ஏறினார். எழுபத்துமூன்று. இறங்கினார். சட்டைப் பையிலிருந்து சாவி, பேனா, திருப்புளி எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஏறினார். எழுபத்துமூன்றுக்கு ஒரு நூல் கீழே. முதலாளி கை தன்னையறியாமல் திருகுக்குப் போனது. ஆய்வாளர் அந்தக் கையைப் பார்த்தார். கை திரும்பி வந்தது.

"ஒரு வாரம் டைம் தரேன். முப்பத்தொண்ணையும் கல்லை வச்சு சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது மெக்கானிக்கிடம், "மனசுல வச்சுக்காதீங்க. மனுஷங்களுக்கு முத்திரை போடறதுக்கு எங்க ஆபீஸ்ல வழி இல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

மெக்கானிக் அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அறுபத்தெட்டு இல்லையாம். அஞ்சு கிலோ ஏறிட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"உங்க பேன்ட் பட்டனை மூணு மாசமா தள்ளித் தள்ளித் தைக்கறது யாரு? இனி தள்ளறதுக்கு இடமில்ல."

"ஏன் சொல்லல நீ?"

"சொன்னேனே. துணி சுருங்கிப் போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போனீங்க." மடித்த துணியை அடுக்கில் வைத்தாள். "அதுக்கப்புறம் எனக்கும் சொல்ல மனசு வரல. பாட்டெல்லாம் பாடினீங்க. பிள்ளையோட உக்காந்து சாப்பிட்டீங்க. அஞ்சு கிலோ தானேன்னு விட்டுட்டேன்."

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் வயிற்றைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அதை மிஷின் இல்லாமல் பார்த்தார். இவ்வளவு பெரிய விஷயம் தன் கண்ணுக்குக் கீழேயே நடந்திருக்கிறது.

மறுநாள் முதல் கல்லைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இப்போது வண்டியும் இல்லை, தோளைப் பிடிப்பவரும் இல்லை. முதலாளிக்கு அவர்மேல் கோபம். உத்தரவாதம் உள்ள பொருள் ஏமாற்றிவிட்டது மாதிரிக் கோபம். போன இடமெல்லாம் வசவு. மருந்துக்கடை வரிசையில் நின்றவர்கள் ராசியான மிஷினில் கை வைக்கக் கூடாது என்று மறித்தார்கள். மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"அண்ணே, சரி பண்ணிட்டீங்கன்னா நாளைக்குக் காலைல எல்லாரும் அஞ்சு கிலோ ஏறி நிப்பாங்கண்ணே. என்னைச் சும்மா விடுவாங்களா?"

"எனக்கு மட்டும் என்ன மாஸ்டர், விட்டாங்களா?"

மாஸ்டர் நன்றாக யோசித்து, உடற்பயிற்சிக்கூடத்தை மராமத்து என்று சொல்லி நாலு நாள் பூட்டினார். திறந்த அன்று ஏறிப் பார்த்தவர்கள் எல்லாம் அலறினார்கள். "பாத்தீங்களா, நாலு நாள் வரலன்னா என்ன ஆகுதுன்னு?" என்று மாஸ்டர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார். வெட்கம் தாங்காமல் அவர்கள் இரண்டு மடங்கு வியர்த்தார்கள். மூன்று மாதத்தில் பலகையில் எழுதியிருந்தது நிஜமாகவே நடந்துவிட்டது.

முப்பது மிஷின் சரியாயிற்று. மாடி மாடியாகக் கல் சுமந்ததில் மெக்கானிக் எழுபத்தொரு கிலோவுக்கு இறங்கிவிட்டார். அதற்குமேல் குறையவில்லை. ஆலோசகரிடம் போகவும் இல்லை. காலையில் நடந்தார், ஞாயிற்றுக்கிழமை கேக் தின்றார், வாரத்துக்கு ஒரு தடவை ஏறினார். சில வாரம் எழுபது, சில வாரம் எழுபத்திரண்டு. பேன்ட் பட்டன் ஓரிடத்தில் நின்றது. அது போதும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

முப்பத்தொன்றாவது மிஷின், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீட்டில் இருந்தது. அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, கல்லைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார்.

"என் வீட்டு மிஷின். நான் மட்டும்தான் ஏறறேன். அது பொய் சொல்லுதுன்னு எனக்கும் தெரியும். விட்டுட்டுப் போ."

ஆய்வாளரிடம் சொன்னதற்கு, வீட்டு மிஷின் தன் அதிகாரத்தில் வராது என்று விட்டுவிட்டார். அதனால் அது அப்படியே இருக்கிறது. ஏதாவது திருகு இறுக்கும் சாக்கில் மெக்கானிக் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போவார். அம்மாள் தேநீர் போட உள்ளே போகும்போது, "ஏறணும்னா ஏறிக்கோ, நான் பாக்க மாட்டேன்" என்பார். மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். அறுபத்தாறு காட்டும். கொஞ்ச நேரம் நின்று அதைப் பார்த்துவிட்டு இறங்கி, சர்க்கரை போட்டே தேநீர் குடிப்பார்.