குருக்களின் துடக்கும் ஓர் இறுதி ஆட்டமும்

சுவிஸில் லுசேர்ண் நகருக்கு வெளியே, பழைய கார் ரயர் கிடங்கொன்றில் எழுந்தருளியிருக்கும் பிள்ளையாருக்குப் பதினெட்டு வருடமாகப் பூசை செய்பவர் ஸ்ரீஸ்கந்தராஜக் குருக்கள். குடுமியைத் தொப்பிக்குள் அடக்கிக்கொண்டு, சனிக்கிழமை கிரிக்கெட் ஆட்டங்களில் அவர் அடிக்கும் சிக்ஸர்களைப் பக்கத்து மாடுகளும் மேய்ச்சலை நிறுத்திப் பார்க்கும். இறுதி ஆட்டம் மட்டும் எப்போதும் ஞாயிறு. பிள்ளையாருக்கும் ஞாயிறுதான் கூட்டம். ஆகவே குருக்கள் ஓர் இறுதி ஆட்டம்கூட ஆடியதில்லை.

இந்த வருடம் விதி இளகியது. ரொறன்ரோவில் தம்பியாருக்கு ஆண்குழந்தை பிறந்தது. துடக்கு, பிறப்புத் தீட்டு! பத்து நாள் குருக்கள் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. மைதானத்தைப் பற்றிச் சாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. கோயில் தலைவரும் அணித் தலைவருமான பாலேந்திரன், தன் வீட்டில் பிள்ளை பிறந்ததுபோல எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். சூரிச்சிலிருந்து பதில் ஐயரும் ஒழுங்காயிற்று.

சிக்கல் நாட்கணக்கில் வந்தது. பிள்ளை பிறந்தபோது அங்கே வியாழன் இரவு எட்டு மணி. இங்கே வெள்ளி அதிகாலை இரண்டு. வெள்ளியிலிருந்து எண்ணினால் இறுதி ஆட்ட ஞாயிறு பத்தாம் நாள், ஆடலாம். வியாழனிலிருந்து எண்ணினால் சனியோடு துடக்குக் கழிந்துவிடும். ஞாயிறு பூசைக்கு நிற்கவேண்டும்.

“ஐயா, சுவிஸ் மணிக்கூட்டை நம்பாமல் வேறை எதை நம்புறது? வெள்ளிதான்!” என்றார் பாலேந்திரன்.

“எங்களுக்குச் சூரியன் உதிச்சால்தானே அடுத்த நாள்? விடிய ரெண்டு மணி இன்னும் வியாழன்தான்.”

“சூரியன் என்ன, வந்து கேக்கப்போகுதோ?”

“கேளாது. ஆனால் ஊர்ச்சனத்துக்கெல்லாம் இந்தக் கணக்கைத்தானே சொன்னனான். எனக்கு மட்டும் மாத்திறதோ?”

ஞாயிறு குருக்கள் அபிஷேகம் செய்தார். பூத்தட்டுக்குக் கீழே கைபேசி இருந்தது; மந்திரம் நடுநடுவே தடுமாறியது. எதிரணியான இன்டர்லாக்கன் ஏழு ஓட்டத்தால் வென்றது.

பின்னேரப் பூசைக்குப் பதினொரு பேரும் புல்லுக்கறையோடு வந்து நின்றார்கள். குருக்கள் யாருடைய முகத்தையும் பாராமல் திருநீற்றை நீட்டினார்.

“ஐயா,” பாலேந்திரன் மெல்லத் தொடங்கினார், “வாற வருசம் இறுதி ஆட்டம் ஜூலை முதல் ஞாயிறு. தம்பியாரோடை ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோவன்.”

குருக்கள் கோபிப்பார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் பஞ்சாங்கத்தை எடுத்து, ஆனியிலிருந்து பத்து மாதம் பின்னோக்கி எண்ணினார்.

“புரட்டாதி வருகுதே,” என்றார் கவலையோடு. “விரத மாதமெல்லோ. தம்பி சரியான ஆசாரக்காரன்.”