நீர்மூழ்கிக்கு ரெக்கை வைத்த ஆரோக்கியசாமி

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பொம்மை அச்சு ஒன்றுக்காக வாளியில் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியசாமியின் மனைவி லூர்துமேரி அக்காவின் போன் வந்தது. "அவரு போயிட்டாருங்க மூர்த்தி. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தாரு, அவ்ளோதான்" என்றார். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் வாளியில் பிளாஸ்டர் கெட்டிப்பட்டுக் கிடந்தது. இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு வாளியை நான் வீணடித்ததில்லை.

விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்காரர்களுக்கு ஆரோக்கியசாமி அவர்களைச் சூளை மேற்பார்வையாளராகத் தெரியும். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேரே சூளைக்கு வந்து நிற்பார். நான் அதே பட்டறையில் அச்சு போடுகிறவன், வாய் ஓயாதவன். அவரோ பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவர். எப்படித்தான் சேர்ந்தோமோ!

எங்கள் தொழிலில் அச்சைச் சற்றுப் பெரிதாகத்தான் செய்வோம். சூளையில் வெந்தால் பொம்மை சுருங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் ஒருமுறை தம் வீட்டு அலமாரிக் கதவுக்கும் அவர் தச்சரிடம் அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டார். கதவு பொருந்தவே இல்லை. "மரத்தையும் சூளையில வைக்கப் போறீங்களா?" என்று நான் கேட்டதில் பட்டறையே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது.

ஐம்பது வயதுக்குப் பிறகு அவருக்கு நீர்மூழ்கிக் கப்பல் பித்து பிடித்தது. இரண்டு முழ நீளம், ரிமோட்டில் ஓடும், நிஜக் கப்பல் மாதிரியே முங்கி எழும். மூன்று வருடம் அதையே கட்டினார். உடம்பைச் செய்வதைவிட வாலைச் செய்வதுதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. பக்கவாட்டில் திருப்புவதற்குச் செங்குத்தாக இரண்டு சுக்கான்கள், மேலும் கீழும் செலுத்துவதற்குப் படுக்கைவாட்டில் இரண்டு தகடுகள். அவற்றை அவர் ரெக்கை என்பார். பெருக்கல் குறிபோல் நான்கையும் சாய்த்து வைக்கலாமா என்று ஒரு மாதம் யோசித்தார். ஒவ்வொரு தகடும் இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கும், நமக்கு எதற்கு அந்த வம்பு என்று கூட்டல் குறிக்கே வந்தார். பிறகு ரெக்கை, கப்பலைத் தள்ளும் காத்தாடிக்கு முன்னாலா, பின்னாலா என்று அடுத்த மாதம். பின்னால் என்று முடிவு செய்தபோது அவர் சொன்னது இது: "கப்பலு மெதுவாப் போறப்ப தண்ணி ரெக்கயக் கண்டுக்காதுங்க. காத்தாடி தள்ளுற தண்ணியில நின்னாதான் அது சொன்ன பேச்சக் கேக்கும்."

மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொட்டியில், பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிய ரெக்கைகளை ஜோடி ஜோடியாக மாட்டிப் பார்த்தார். கடைசிச் சோதனையன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். பிறகு, தேர்ந்தெடுத்த ஜோடியைப் பித்தளையில் வெட்டி, விளிம்பை அரத்தால் ராவித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அவர் முன்பே போட்டுக் கொடுத்து என்னிடமிருந்த வரைபடத்தோடு வைத்துப் பார்த்தேன். ரெக்கை சுற்றிலும் பெரிதாக இருந்தது. உடனே எனக்கு அலமாரிக் கதவு ஞாபகம் வந்தது. பாவம், பித்தளையும் சுருங்கும் என்று பழக்கதோஷத்தில் வெட்டிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். மறுபடி கேலிக்கு ஆளாக வேண்டாமென்று, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வரைபட அளவுக்கே ராவிவிட்டேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான்!

திருப்பிக் கொடுத்தபோது, அளந்து பார்க்கவில்லையா என்று கேட்டேன். "நீங்க ராவுனத நான் எதுக்குங்க அளக்கணும்?" என்று அப்படியே மாட்டிக்கொண்டார்.

திட்டக்குடிக்கு பஸ் பிடித்து வெலிங்டன் ஏரிக்குப் போனோம். கப்பலை ஒரு சிட்டிகை கனமாகவே வைத்திருந்தார். ஓட்டத்தில் ரெக்கைதான் அதைத் தூக்க வேண்டும். அழகாக முங்கியது. எழுப்புவதற்காக விசையை இழுத்தார். மூக்கு சற்று நிமிர்ந்தது. அவ்வளவுதான், பிறகு அது கண்ணுக்குத் தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் வெகுநேரம் சேற்றைத் துழாவியும் கப்பல் கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில்தான் வாய் திறந்தார். "கப்பலு சின்னது, வேகம் பத்தாதுன்னு வேணும்னுதான் ரெக்கயப் பெருசா வெட்டுனேன். தொட்டியில தூக்குச்சுங்க. ஏரிக்கு அது பத்தல போலருக்கு. என் கணக்குதான் தப்பு."

ராவிக் குறைத்தவன் நான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய் அன்று ஒட்டிக்கொண்டது. நாளை சொல்லலாம், பண்டிகை கழித்துச் சொல்லலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். அவர் அடுத்த கப்பலைத் தொடவே இல்லை. சூளையில்கூடச் சூட்டைச் சொல்லிவிட்டு, சரிதானா என்று மற்றவர்களைக் கேட்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துக்கொண்டும் சும்மா இருந்தேன்.

அடக்கத்துக்குப் புதுச்சேரியிலிருந்து மாதிரிக் கப்பல் விடுகிற நண்பர் ஒருவர் வந்திருந்தார். ஆரோக்கியசாமியின் குறிப்புகளைத் தம் குழுவினருக்காகக் கேட்டார். அக்கா எடுத்து வந்த தாளில் அவர் பெரிதாக வெட்டிய அந்த ரெக்கையின் அளவு இருந்தது. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் அவர் கையெழுத்தில் "தூக்காது". அதற்குமேல் என்னால் முடியவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அழவில்லை, திட்டவுமில்லை. தாளை மடித்து நண்பரிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இத அவரு இருக்கறப்ப சொல்லியிருக்கலாமே மூர்த்தி. ரெண்டு வருசமா மனுசன் பாதிச் சோத்துல எந்திரிச்சிப் போவாருங்க."

அந்தத் தாள் போகும் இடமெல்லாம் இதுவும் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆரோக்கியசாமி கோடு போட்டு அடித்த அளவுதான் சரியான அளவு. அது தூக்கும். கெடுத்தவன் நான்.

கல்லறையில் மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. நேற்றும் போய் நின்றேன். போய் வாருங்கள் சாமி. உங்கள் கணக்கில் தப்பே இல்லை.