போல்ட் பெட்டியும் ஆடி மாதமும்

கட்டிலிலிருந்து குழாயடிக்குப் பதினேழு எட்டு. போன மாதம் பதினாறாக இருந்தது. கால் சுருங்கிவிட்டதா, எண்ணிக்கையில் தப்பா என்று காலையிலிருந்து மூன்று தடவை நடந்து பார்த்துவிட்டேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. எண்ணியதால் யாருக்கும் நல்லது நடந்ததாக நினைவில்லை. ஒருவருக்குக் கெட்டது நடந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். சேசிஸ் மட்டும் வந்து நிற்கும். சக்கரம், எஞ்சின், இரண்டு நீள இரும்புச் சட்டம், அவ்வளவுதான். அதன்மேல் மரத்தில் கேபினும் பின்தொட்டியும் கட்டி, தகடு அடித்து, பெயின்ட் பூசி அனுப்புவோம். எட்டு ஆள். ஒரு வண்டிக்கு இருபத்தேழு நாள்.

எட்டுப் பேரில் மூத்த தச்சருக்கு வலது முழங்கால் வீங்கிப்போயிருந்தது. ஐம்பது வயதிருக்கும். பலகையைத் தடவிப் பார்த்தே எந்த இடத்தில் பிளக்கும் என்று சொல்லிவிடுவார். நடப்பதுதான் முடியவில்லை. சித்திரை வெயிலில் ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்த ஆசாரி ஒரு போல்ட்டு வாங்கிட்டுத் திரும்பறதுக்குள்ள நான் சேலம் போயிட்டு வந்தர்லாம். இந்த வண்டியோட அவர நிறுத்திருங்க."

"ஒரு மாசம் பொறுங்க. மெதுவா இருக்கறது கையில்லீங்க, காலுதான். கணக்குப் போட்டுக் காட்டறேன்" என்றேன்.

தைரியமாகச் சொன்னதற்குக் காரணம், அதற்கு முந்தின வருடம் வெளியூரில் நான் போய்வந்த நான்கு நாள் வகுப்பு. சொல்லிக்கொடுத்தது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒருவன் வேலை செய்யும் நேரம் வேறு. அந்த வேலைக்காக நடக்கிற, தேடுகிற, காத்திருக்கிற நேரம் வேறு. முதலாவதை விரட்டாதே, இரண்டாவதைக் குறை. இப்போது இதையே ஜப்பானியப் பெயர்கள் சொல்லி, குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து நடத்துகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது தகரக் கொட்டகையும் ஒரு நோட்டும்தான்.

எண்ணுவதற்குப் புளியங்கொட்டை வைத்துக்கொண்டேன். தச்சர் ஒரு தடவை எழுந்து போய்வந்தால் இடது பையிலிருந்து வலது பைக்கு ஒரு கொட்டை. இரண்டாம் நாள் அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏஞ்சாமி, என் நடைய எண்றியா, ஆயுச எண்றியா?"

"நடையத்தானுங்க."

"எண்ணு, எண்ணு. கொட்ட தீந்துபோச்சுன்னா சொல்லு, ஊட்ல ஒரு படி கெடக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு முப்பத்தெட்டு கொட்டை. போல்ட் எல்லாம் முதலாளி மேஜைக்குப் பின்னால் பூட்டி இருக்கும்; தொலைந்துவிடும் என்ற பயம். எத்தனை வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். போக நாற்பத்தொரு எட்டு, வர நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு நடைக்கு மூவாயிரத்து நூற்றுப் பதினாறு எட்டு. வீங்கின முழங்காலோடு. உளி எங்கே, துளைக்கருவி எங்கே என்று தேடிய நடை இதில் சேரவில்லை.

முதலாளியின் கையில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அறை அறையாகத் தடுத்த ஒரு மரப்பெட்டி செய்வித்தேன். ஒரு நாளைக்கு வேண்டிய போல்ட், நட்டு எல்லாம் காலையிலேயே அதில். பெட்டி சேசிஸுக்குப் பக்கத்தில், மூன்றே எட்டில். சுவரில் ஒரு பலகை மாட்டி, ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்துச் சுற்றிலும் பெயின்டில் கோடு போடவைத்தேன். எது இடத்தில் இல்லையென்றாலும் வெறும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக அளந்து அறுக்காமல் ஒரே அளவுக்கட்டை வைத்து மொத்தமாக அறுத்தோம்.

அதே முப்பத்தெட்டு நடைக்கு இப்போது இருநூற்று இருபத்தெட்டு எட்டு. இருபத்தேழு நாள் வண்டி பதினேழு நாளில் முடிந்தது. தச்சரின் வீக்கம்கூடக் கொஞ்சம் வடிந்தது. முதலாளி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பரவால்லீங்க, ஆசாரி இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கினேன். அப்புறம் அப்படித் தூங்கியதாக ஞாபகம் இல்லை.

ஆனி பிறந்ததும் மூன்று சேசிஸ் சேர்ந்து வந்தன. ஒன்றில் பெயின்ட் காயும்போதே அடுத்ததில் மரவேலை என்று மூன்றையும் சேர்த்தே கட்டினோம். பழைய வேகமாக இருந்திருந்தால் அந்த மூன்றும் ஆவணி பிறக்கிறவரை இழுத்திருக்கும். ஆடி நான்காம் தேதியே மூன்றும் பூமாலைக்குத் தயாராக நின்றன. நான் உரிமையாளர்களுக்கு ஆள் அனுப்பினேன். ஜேடர்பாளையத்துக்காரர் ஒருவர் மட்டும் நேரில் வந்தார். வண்டியை ஆசையோடு தொட்டுப் பார்த்தார். எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆடியில எப்பிடிங்க புது வண்டி எடுக்கறது? ஊட்ல அடிக்க வருவாங்க."

"பதினெட்டாம் பெருக்கு நல்ல நாளுதானுங்களே?"

"அன்னிக்கு எல்லாருமே ஆத்துல இருப்போமுங்க. ஆவணியில வாரேன். அவசரம் எனக்கில்லியே, உங்களுக்குத்தான போல."

என் வீட்டிலும் ஆடியில் ஒரு புதுக் குடம்கூட வாங்க மாட்டோம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் போட்ட தாளில் நாள்கள் இருந்தன, மாதம் இல்லை. தச்சரின் காலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். வண்டி எடுப்பவர் எந்த நாளில் கை நீட்டுவார் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணியிருக்க வேண்டும். வருடாவருடம் ஆடியைக் கடக்க எட்டுப் பேருக்கும் வேலை இருந்தது அந்த மெதுநடையால்தான். அதை வீண் என்று எழுதி அடித்துவிட்டேன்.

ஆடியில் புது சேசிஸும் யாரும் வாங்க மாட்டார்கள். முடிந்த மூன்று வண்டிகள் கொட்டகையை அடைத்துக்கொண்டு நிற்க, எட்டுப் பேரும் அவற்றின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறாம் நாள் முதலாளி வந்தார்.

"நீங்கதானுங்க தாள்ல காட்டுனீங்க. பதினேழு நாள் வேலைக்கு எட்டுப் பேரு எதுக்கு? அஞ்சு போதும். ஆசாரிதான் மொதல்ல."

"ஆவணியில வேலை குமியுமுங்க."

"குமியட்டும். உங்க பெட்டி இருக்குதில்ல."

அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். என் எழுத்து, என் கணக்கு. எல்லாம் கூட்டல் சரியாக இருந்தது.

தச்சரிடம் நானேதான் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பலகையிலிருந்து தன் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார். இழைப்புளி ஒன்று, உளி நான்கு, சுத்தியல் ஒன்று, மட்டம் ஒன்று.

"உம்மேல குத்தமில்ல சாமி. ஆனா ஒன்னு, அந்த நாப்பத்தொரு எட்டயும் நடந்துட்டே கெடந்திருந்தா இங்கயே கெடந்திருப்பேன்."

கொட்டகையிலிருந்து வாசலுக்கு அறுபத்து நான்கு எட்டு. இரண்டு தடவை நின்று போனார். அந்த வருடம் ஆவணியிலும் அவரைக் கூப்பிடவில்லை. ஐந்து பேரே பார்த்துக்கொண்டார்கள். பலகையில் அவருடைய ஏழு இடமும் வெறும் கோடாக இருந்தன. எது இல்லை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்றுதான் அதைப் போட்டேன். நான் அந்தப் பட்டறையை விடுகிறவரை, தினம் எட்டு மணிக்கு உள்ளே நுழைந்ததும், தெரிந்தது.