ரிம்விதாஸ் சுற்றிய மூன்று சுற்று

ரிம்விதாஸ் என்ற பெயரை முதன்முதலில் என் சித்தி திட்டும்போதுதான் கேட்டேன். "ஒனாவுக்கு வேற ஆளே கிடைக்கலையா? விமானத்துக்கு எண்ணெய் துடைக்கிறவனைப் போய்க் கட்டிக்கிறாளாம்!" என்றாள். ஒனா என் சித்தி மகள். எனக்கு மூன்று வயது இளையவள்.

சோவியத் ஆட்சி போனபிறகு, அவர் வேலை பார்த்த பறக்கும் சங்கம் கலைந்தது. ரிம்விதாஸ் தான் பழுது பார்த்துவந்த பழைய 'யாக்' ரகப் பயிற்சி விமானம் ஒன்றை வாங்கிவிட்டார். ஒனா இறந்தபின் மகள் யோலிதாவோடும் மருமகன் அவுரிமாஸோடும் பேசியதைவிட அதனோடுதான் அதிகம் பேசினார்.

அந்த இயந்திரத்தில் எண்ணெய் கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கும். கிளப்புமுன் மூக்கிலுள்ள விசிறியைக் கையால் பலமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகினால் எண்ணெயை வடிக்க வேண்டும். சுற்றாமல் கிளப்பும் பொத்தானை அழுத்தினால் உள்ளே பிஸ்டனின் தண்டு வளைந்துவிடும். இதை மறந்தவர்களை ரிம்விதாஸ் திட்டுகிற திட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

பக்கவாதம் வந்து அவருடைய வலக்கை பாதி செத்தது. யோலிதா கறாராகச் சொன்னாள்: "அப்பா, விசிறியை நீங்களே சுற்றுற வரைக்கும்தான். முடியாத அன்னைக்கு வித்துடுவோம்."

ஒரு ஏப்ரல் காலை நான் விமான மைதானத்துக்குத் தயிர்க்கட்டியும் கறுப்பு ரொட்டியும் கொண்டுபோயிருந்தேன். ரிம்விதாஸ் கொட்டகையிலிருந்து வந்தார், முகமெல்லாம் வேர்வை.

"சுத்தியாச்சா மாமா?" என்று கேட்டான் விமானத்தை ஓட்டும் அவுரிமாஸ்.

"பதினாறு. நீ எண்ணியிருந்தா தூங்கியிருப்பே."

அவுரிமாஸ் சிரித்துக்கொண்டே ஏறினான். பொத்தானை அழுத்தினான். உள்ளே சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம். விசிறி ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது.

"மாமா, நிஜமாவே சுத்தினீங்களா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

பிரித்துப் பார்த்ததில் தண்டு வளைந்திருந்தது. அதைப் பழுதுபார்க்க வழியில்லை; விமானத்தை உதிரி பாகங்களுக்கு விற்றார்கள். எண்ணெய் முழுக்க வடியும்வரை காத்திருக்காமல் அழுத்திவிட்டான் என்று மைதானத்தில் எல்லாரும் அவுரிமாஸைத்தான் குறை சொன்னார்கள். "வாடா, பொத்தான்!" என்றே கூப்பிட்டார்கள். ரிம்விதாஸ் வாய் திறக்கவில்லை. அந்தக் கோடையிலேயே யோலிதாவும் அவுரிமாஸும் நார்வேக்குப் போய்விட்டார்கள்.

நவம்பரில் இறந்தவர்கள் நாளன்று ஒனாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது ரிம்விதாஸ் என் கையைப் பிடித்தார்.

"மூணு சுத்துதான் அக்கா. அதுக்கப்புறம் நகரலை. என் கைதான் செத்துப்போச்சுன்னு நெனைச்சேன். எண்ணெய்னு தோணவே இல்லை."

"யோலிதாகிட்ட சொல்லு. விமானமே போயிடுச்சு, இன்னும் யாருக்காக மறைக்கிறே?"

அன்று மாலை என் வீட்டிலிருந்தே போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார். யோலிதா, "அவரு ஆறு மாசமா சரியா தூங்கலை அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுபடி அவள் கூப்பிடவில்லை.

இப்போது ரிம்விதாஸ் பிரியெனாய் ஊரின் முதியோர் இல்லத்தில், வானம் அதிகம் தெரியாத கீழ்த்தளத்தில் இருக்கிறார்.