பட்டுப் பாவால் போட்ட வேலி

1. முதுகு எந்தப் பக்கம்

சினிமாக் கம்பெனிகளுக்குக் கூட்டம் அடக்கும் வேலையைப் பதினெட்டு வருஷம் பார்த்தேன். அதில் ஒரு ஷாட்டைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. முதல் நாளே புரொடக்‌ஷன் மேனேஜர் வரதன் என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திவிட்டார்.

"யோவ் தணிகாசலம், உன் வேலை அந்தப் பக்கம். நீ ஹீரோவைத் திரும்பிப் பார்த்தா, எதிர்ல இருக்கிறவன் நாலடி முன்னால வந்துடுவான். கேமராவுக்கு முதுகு, கூட்டத்துக்கு மூஞ்சி. புரியுதா?"

புரிந்தது. அதற்கு முன் ஆரணியில் ஒரு டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கியூவை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தேன். ஜனம் எப்போது சிரிக்கும், எப்போது பொறுமை இழந்து தட்டியைப் பிய்க்கும் என்பதெல்லாம் அங்கே பழகியதுதான். வரதன் முதல் தடவை அவுட்டோருக்கு வந்து ஆள் தேடியபோது டாக்கீஸ் முதலாளி என்னைக் கைகாட்டிவிட்டார். அன்று பிடித்த சனி, பதினெட்டு வருஷம் விடவில்லை.

இப்போது இதற்கு செக்யூரிட்டி பிளானிங் என்று பெரிய பெயர். கையில் வயர்லெஸ், கழுத்தில் அட்டை. எங்களுக்குப் பந்தோபஸ்து, அவ்வளவுதான். சவுக்குக் கம்பு, தேங்காய் நார்க் கயிறு, ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்து வாங்கிய நாலு கான்ஸ்டபிள், மீதிக்குச் சொந்தத் தொண்டை. பழைய போஸ்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் பிளான் போடுவேன். ஹீரோ கார் எந்தச் சந்தில் வரும், ஜெனரேட்டர் எங்கே நிற்கும், ஜனம் எந்தப் பக்கம், யாராவது மயங்கி விழுந்தால் எந்த வழியாகத் தூக்குவது. எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும்.

இதை எழுதச் சொன்னவர்கள், "த்ரில்லிங்கா நாலு சம்பவம் எழுதுங்க சார்" என்றார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. நான் கெடுத்த காரியம் ஒன்று இருக்கிறது. எழுதுவதானால் அதைத்தான் எழுத வேண்டும்.

2. அறுபது அடி இடைவெளி

எழுபதுகளின் கடைசியில் ஒரு படம். ஆரணி ஏரிக்கரையில் பாட்டு எடுப்பதாக இருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் டைரக்டருக்கு வேறு ஆசை வந்துவிட்டது. நெசவாளர் தெரு ஒன்றைப் பார்த்தார். அகலமான தெரு, வடபுறம் தூண் வைத்த பழைய வீடு. "நாளைக்குக் காலையில இங்கதான்" என்றார். டைரக்டர் ஆசைப்படுவதோடு சரி. அதற்கப்புறம் பேஜார் முழுக்க நம்முடையது.

பிளானைத் திரும்பப் போட்டேன். வடபுறம் ஷூட்டிங், தென்புறம் ஜனம், நடுவில் தெருவின் நீளத்துக்குக் கயிறு. கயிற்றில் பாதி ஏற்கெனவே ஏரிக்கரையில் கட்டியாகிவிட்டது. அவிழ்த்துக் கொண்டுவர ஆள் இல்லை. இருந்ததை இரண்டு பக்கமும் கட்டிப் பார்த்தால் நடுவில் அறுபது அடி திறந்து கிடந்தது.

கயிறு கிடைக்காமல் இல்லை. லாரி ஷெட்டில் போய்க் கேட்டிருந்தால் நாலு சுருள் தூக்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அதற்குள் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தும் போய்விட்டது. கெட்டதே அங்கேதான்.

ஆரணியில் நெசவாளர் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். ஒரு புடவைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தெருவில் இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்து ஒழுங்கு செய்து, வெயில் ஏறுமுன் சுருட்டி உள்ளே கொண்டுபோவார்கள். நீட்டின பாவை எங்கள் ஊரில் ஒருவரும் தாண்ட மாட்டார்கள். குனிந்து நுழையவும் மாட்டார்கள். சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டு சுற்றிப் போவான். சாவு எடுத்துப் போகிறவர்கள்கூட அடுத்த தெரு வழியாகப் போவார்கள். சட்டம் எதுவும் கிடையாது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து காலுக்குப் பழகின வழக்கம்.

அறுபது அடிக்கு ஒரு பாவு நீட்டினால் போதும். ஆரணி ஜனம் அதைத் தாண்டாது. என் பிளான் இதுதான்.

அந்த அறுபது அடிக்கு நேரே இருந்த வீடு நெசவாளி ஏகாம்பரத்துடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். டைபாய்டு வந்து நாலு மாதம் படுத்துக் கிடந்தார். தறி சும்மா நின்றது. கூலிக்குப் பட்டு கொடுக்கிற முதலாளி வேறு வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஏகாம்பரம் நடையாய் நடந்து, கடைசி வாய்ப்பாக மூன்று முகூர்த்தப் புடவைக்கு ஒரு பாவு வாங்கி வந்திருந்தார். அரக்கு நிறம். இதைச் சரியாக நெய்து கொடுத்தால் தறி ஓடும், இல்லாவிட்டால் இனி அந்த வீட்டுக்குப் பட்டு வராது. தெருவுக்கே தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும்.

"எட்டரைக்கெல்லாம் சுருட்டிடணும் தணிகா" என்றார் ஏகாம்பரம். "வெயில் ஏறினா இழை வெறைச்சிக்கும்."

"பதினோரு மணி வரைக்கும் வையிணா. மேல பந்தல் மாதிரி வேட்டி கட்டித் தரேன். எனக்கோசரம்."

அவர் மனைவி கன்னியம்மா உள்ளேயிருந்து வந்தார். "ஊருக்காரங்க தாண்ட மாட்டாங்க, சரி. வெளியூரு ஜனம் வந்தா இன்னா பண்ணுவ?"

"பட்டுன்னு தெரியாதவன் யாருண்ணி இருக்கான்? நான் அங்கயேதான் நிக்கப்போறேன்."

"நீ ஒருத்தன் நின்னா ஆச்சா?"

ஏகாம்பரம் அவரைப் பார்த்து, "வுடு, நம்ம தணிகா கேக்கறான்" என்றார். அந்த 'நம்ம' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

3. பத்து மணி

காலை ஆறு மணிக்கே ஜனம் கூடிவிட்டது. கயிறு கட்டின இரண்டு பக்கமும் தள்ளுமுள்ளு. நடுவில், பாவு இருந்த அறுபது அடியில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு முழம் தள்ளியே நின்றார்கள். முன்வரிசையில் பாதிப் பேர் நெசவாளர்கள். அவர்கள் கண் ஹீரோயின்மேல் பாதி, இழைமேல் பாதி.

வரதன் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். "என்னய்யா மந்திரம் போட்டே? கயிறு கட்டின இடத்துல அடிதடி, நூல் கட்டின இடத்துல பஜனை மாதிரி நிக்கிறாங்க!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டரை ஆனது. ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் கையைக் காட்டி, இரு என்றேன். ஒன்பது ஆனது. மறுபடியும் பார்த்தார். மறுபடியும் கையைக் காட்டினேன்.

பத்து மணிவாக்கில் கண்ணமங்கலம் பஸ் வந்தது. சேதி எப்படியோ பரவிவிட்டது. பெரணமல்லூர் பக்கத்திலிருந்து இரண்டு டிராக்டர் நிறைய ஆட்கள். தேசூரிலிருந்துகூட வந்திருந்தார்கள். காட்டு வேலையைப் போட்டுவிட்டு ஒரு மூஞ்சியைப் பார்க்க வந்தவர்கள். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. முன்னால் பாவு இருப்பது பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் அவன் தலைமுறையில் யாரும் அதைச் சுற்றி நடந்து பழகியதில்லை.

ஹீரோ கார் பின்சந்து வழியாக வர வேண்டும் என்று பிளானில் எழுதியிருந்தேன். பின்சந்தில் ஜெனரேட்டர் லாரியை யாரோ குறுக்கே நிறுத்திவிட்டார்கள். டிரைவர் காரைப் பெரிய தெருவுக்குத் திருப்பிவிட்டான். ஹீரோ நல்ல மனுஷன். ஜனத்தைப் பார்த்ததும் கதவைத் திறந்து, படியில் ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கினார்.

பின்னாலிருந்து ஒரு தள்ளல் வந்தது. முன்வரிசைக்காரர்கள், "பாவுய்யா! பாவு கீது, தள்ளாத!" என்று கத்தினார்கள். ஆறேழு நெசவாளர்கள் ஹீரோவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையோடு கை கோத்துக் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். நான் கூப்பிடவில்லை, காசு பேசவில்லை. அவர்களாகவே நின்றார்கள். ஒரு நிமிஷம் தாங்கியிருப்பார்கள். பிறகு அவர்களே பாவின்மேல் விழுந்தார்கள்.

பட்டு அறுகிறபோது பெரிதாகச் சத்தம் வராது. கம்பு சாய்ந்த சத்தம் கேட்டது. அதன்மேல் இருநூறு ஜோடிக் கால்கள் ஓடின. ஏகாம்பரம் குறுக்கே படுத்தே விட்டார். நானும் இரண்டு கான்ஸ்டபிள்களும் அவரை இழுத்து வெளியே போட்டோம். "என்ன ஏன்டா இழுக்கற, அத்த எடுடா!" என்று கத்தினார்.

ஷாட் நின்றது. ஹீரோவைக் காரில் ஏற்றி அனுப்பினோம். வரதன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"யாருக்காவது அடியா?"

"இல்ல சார்."

"ஆர்ட்டிஸ்ட் சேஃப், ஜனம் சேஃப். அப்புறம் என்னய்யா? பிளான் சக்ஸஸ்தான்."

வழக்கமான கணக்கில் அது சரிதான். எங்கள் வேலையில் மதிப்பெண் போடுவதே அப்படித்தான்.

4. முதலாளி கேட்ட கேள்வி

மூன்று நாள் ஏகாம்பரமும் கன்னியம்மாவும் வாசலில் உட்கார்ந்து, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிச்சுப் போட்டார்கள். மண்ணும் செருப்புத் தடமும் கஞ்சியோடு சேர்ந்து காய்ந்து போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் தறியை விட்டுவிட்டு வந்து உதவினார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். என் தடித்த விரலுக்கு ஒரு இழைகூடப் பிடிபடவில்லை. கன்னியம்மா என் கையிலிருந்த இழையை வாங்கிக்கொண்டார்.

நாலாம் நாள் பட்டு முதலாளி வந்து பார்த்தார். குனிந்து இரண்டு இடத்தில் தடவினார். "இது முகூர்த்தப் புடவைக்கு ஆவாது" என்றார். நான் நடுவில் புகுந்தேன்.

"தப்பு முழுக்க என்னுதுங்க. அவரு மேல ஒண்ணும் இல்லீங்க."

அவர் கோபப்படவில்லை. "தம்பி, பாவு தெருவுல இருக்க வேண்டியது எட்டரை வரைக்கும். பத்து மணிக்கு அது ஏன் அங்க இருந்திச்சு? அத்த நான் உன்ன கேக்க முடியாது, இவனத்தான் கேக்கணும்."

ஏகாம்பரம் என்னைக் காட்டிப் பேசியிருக்கலாம். "நான் ஒத்துகினேங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பாவுக்கு நஷ்டஈடு கேட்டு வரதனுக்கு இரண்டு கடிதம் போட்டேன், ஒரு தடவை மெட்ராஸுக்கு நேரிலும் போனேன். யூனிட் மைசூரில் இருக்கிறது என்றார்கள். அந்த வீட்டுக்குப் பட்டு வரவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு, தறியைக் கழற்றினார்கள். ஏகாம்பரம் ஒரு ரைஸ் மில்லில் களத்தில் நெல் காயவைக்கும் வேலைக்குப் போனார். டைபாய்டில் பாதியான உடம்பு. ஒரு தடவை மில் வாசல் வரை போனேன். வெறுங்காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு வெயிலில் நடந்துகொண்டிருந்தார். உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. எனக்கு வேறு எதுவும் தெரியாது.

5. கோட்டை மைதானம்

எண்பதுகளின் நடுவில் கோட்டை மைதானத்தில் ஒரு பகல் ஷூட்டிங். அதற்குள் என் பெயர் கொஞ்சம் பரவியிருந்தது. கூட்டம் பார்க்க ஆட்களே பன்னிரண்டு பேர் என் கீழே. கயிறு இரட்டை வரிசை. மதியம் கயிற்றோரமாக நடந்துகொண்டிருந்தபோது முன்வரிசையில் ஏகாம்பரம் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது, புருவத்தில் தவிடு.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர். கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன்.

"வாண்ணா, உள்ள வா. நாற்காலி போடச் சொல்றேன். நிழல்ல உக்காந்து பாரு."

அவர் நுழையவில்லை. கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, முறுக்கு எப்படி என்று பார்க்கிற மாதிரி உருட்டினார்.

"இது யாரு கயிறு தணிகா?"

"கம்பெனி கயிறுணா."

"அறுந்தா?"

"அறுந்தா வேற வாங்கிப்பாங்க."

"அப்ப சரி" என்று கயிற்றை விட்டுவிட்டு, வெளியிலேயே நின்றுகொண்டார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டம். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தெரிந்ததும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

அன்று முதல் என் பிளான் தாளில் ஹீரோ கார், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கேள்வியைத்தான் முதல் வரியாக எழுதினேன்: வேலி யாருடையது, அறுந்தால் யாருக்கு நஷ்டம்? மேனேஜர்கள் சிரித்தார்கள். ஒருவர், "இதெல்லாம் பிளான்ல வராதுய்யா" என்று அடித்துக்கூட விட்டார். திரும்ப எழுதிக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் நான் கற்ற பாடம் அந்த ஒரு வரிதான். அதைக் கற்றுக்கொண்டது நான். அதற்குத் தறியைக் கழற்றியது ஏகாம்பரம்.